நம் குடியிருப்புக்குக் கூடுதல் போலீஸ்காரர்கள்: கோரிக்கை வைப்பதிலிருந்து ஆள் வந்து நிற்கும்வரை

பொழுது விடியாத ஐந்தரை மணிக்கு எங்கள் புளோக்கின் கீழே பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அக்காவின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர். அவர் துப்புரவு வேலை செய்பவர். கழுத்தில் கீறலோடு அன்றும் வேலைக்குப் போனார். போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. போலீஸில் புகார் எழுதவில்லை. ஒரு வாரம் கழித்து நான் விசாரித்தபோது, "எழுதினால் கொடி திரும்பி வந்துவிடுமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

கோலாலம்பூரின் வடக்குப் பகுதியில் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். எங்கள் ருக்குன் தெத்தாங்காவின், அதாவது அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் குடியிருப்புக் குழுவின், செயலாளராக இருந்திருக்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் செய்த முதல் வேலையே தவறாகப் போனது. போலீஸ் சாவடி வேண்டும் என்று ஒரே குரலில் கேட்டோம். நன்கொடை திரட்டினோம், இடமும் கிடைத்தது, சாவடி எழும்பியது, ரிப்பன் வெட்டினார்கள், பிரியாணி போட்டோம். சில மாதங்கள் ஒரு போலீஸ்காரர் வந்து உட்கார்ந்தார். பிறகு அவரும் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார். இன்று அந்தக் கதவில் பூட்டு தொங்குகிறது, சுவரில் கடன் கொடுப்பவர்களின் விளம்பரத்தாள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. கல்லையும் சிமெண்டையும் கேட்டோம், கொடுத்தார்கள். ஆளைக் கேட்க மறந்துவிட்டோம்.

எங்களுக்குப் பல ஆண்டுகளை விழுங்கிய தவறு இது. நீங்களும் அதையே செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், நாங்கள் பின்னர் கற்றுக்கொண்ட வழியை ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

முதல் படி: அதிகாரம் யாரிடம் இருக்கிறது

மலேசியாவில் போலீஸ் கூட்டரசு அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் பிரித்துவைத்திருக்கிறது. கோலாலம்பூர் மாநகர மன்றமான டிபிகேஎல் தெருவிளக்கு போடலாம், புதர் வெட்டலாம், கேமரா பொருத்தலாம். ஒரு கான்ஸ்டபிளைக் கூட உங்கள் தெருவுக்கு அனுப்ப அதற்கு அதிகாரம் இல்லை. பினாங்கில் இருப்பவர்களுக்கும் இதே நிலைதான். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் கடிதம் எழுதித் தரலாம், கூட்டத்துக்கு அழைத்துப் போகலாம், ஆனால் மாநில அரசு போலீஸ்காரர்களை நியமிப்பதில்லை. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 முதல் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் எங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினரே கிடையாது. நகராண்மைத் தேர்தலும் இல்லை. இந்த நகரத்தில் மக்கள் வாக்குப்போட்டு அனுப்பும் பிரதிநிதிகள் 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே. அந்த ஒரு கதவை எப்படித் தட்டுவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

போலீஸ் படைக்குள் ஏணி இப்படிப் போகிறது. உங்கள் வட்டார நிலையத்துக்கு ஒரு நிலையத் தலைவர். அவருக்கு மேல் மாவட்டப் போலீஸ் தலைவர். எல்லோரும் ஓசிபிடி என்று சொல்வது இவரைத்தான். கோலாலம்பூரில் டாங் வாங்கி, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், செராஸ், வங்சா மாஜு ஆகியவை போலீஸ் மாவட்டங்கள். அவர்களுக்கு மேல் கோலாலம்பூர் போலீஸ் தலைவர். அதற்கும் மேல் நாட்டின் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமான், பிறகு புத்ராஜெயாவில் உள்துறை அமைச்சு. போலீஸ் மாவட்ட எல்லையும் நாடாளுமன்றத் தொகுதி எல்லையும் ஒன்றல்ல. உங்கள் குடியிருப்பு எந்த நிலையத்துக்கு உட்பட்டது என்பதை நேரில் போய் விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள். நாங்கள் முதல் கடிதத்தைத் தவறான நிலையத்துக்கு அனுப்பினோம். அது திரும்பி வரவும் இல்லை, வேறெங்கும் போகவும் இல்லை.

இரண்டாம் படி: எதைக் கேட்கப் போகிறீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்கத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

"எங்களுக்குக் கூடுதல் போலீஸ் வேண்டும்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு கோரிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வெவ்வேறு ஆட்கள்.

ஒன்று, புதிய பதவிகளை உருவாக்குவது. மலாயில் பெர்ஜாவாத்தான் என்பார்கள். ஒரு நிலையத்துக்கு இத்தனை பேர் என்று அங்கீகரிக்கப்பட்ட எண்ணிக்கை அது. அதைக் கூட்ட வேண்டுமானால் உள்துறை அமைச்சு கேட்க வேண்டும், பொதுச் சேவைத் துறை ஒப்ப வேண்டும், நிதியமைச்சு பணம் ஒதுக்க வேண்டும். இது ஆண்டுக் கணக்கில் நடக்கும் வேலை.

இரண்டு, காலியாகக் கிடக்கும் பதவிகளை நிரப்புவது. தாளில் இத்தனை பேர் என்று இருக்கும். நிலையத்தில் அத்தனை பேர் இருக்கமாட்டார்கள். ஓய்வு பெற்றவர், பயிற்சிக்குப் போனவர், வேறு பணிக்கு இரவல் போனவர் என்று இடங்கள் காலியாக இருக்கும். ஆள் எடுப்பது அரசியலமைப்பின் 140ஆம் பிரிவின்கீழ் இயங்கும் போலீஸ் படை ஆணையத்தின் பொறுப்பு. அதன் தலைவர் உள்துறை அமைச்சர்.

மூன்று, இருக்கிற ஆட்களை எங்கே, எந்த நேரத்தில் நிறுத்துவது என்பது. இது பெரும்பாலும் மாவட்டப் போலீஸ் தலைவரின் கையிலேயே இருக்கிறது. அவர் மனம் வைத்தால் அடுத்த வாரமே மாற்றம் தெரியும்.

மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டையும் விட்டுவிடச் சொல்லவில்லை; அவை நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக மெதுவாக நகரட்டும். ஆனால் நாளைக் காலை ஐந்தரை மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நிற்கப்போகும் பெண்ணுக்குப் பயன்படுவது மூன்றாவதுதான். அதையும் துல்லியமாகக் கேளுங்கள். "ரோந்தை அதிகப்படுத்த வேண்டும்" என்றால் "ஆவன செய்கிறோம்" என்று பதில் வரும், கதை அங்கேயே முடிந்துவிடும். "திங்கள் முதல் சனி வரை, காலை 5 மணியிலிருந்து 6.30 வரை, இந்தப் பஸ் நிறுத்தத்துக்கும் அந்த நடைபாலத்துக்கும் இடையில் ஒரு மோட்டார் சைக்கிள் ரோந்து வேண்டும்" என்று கேட்டால், முடியும் அல்லது முடியாது என்று அவர் சொல்லியே ஆக வேண்டும். முடியாது என்றால் ஏன் என்று கேட்க முடியும்.

நேரம் முக்கியம். உங்கள் இடத்தின் ஆபத்தான நேரம் உங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு விடியற்காலையும் சம்பள நாளை ஒட்டிய இரவுகளும். தைப்பூசத்தன்று மொத்தக் குடியிருப்பும் பத்துமலைக்குப் போய்விடும், வீடுகள் பூட்டிக்கிடக்கும். வீடு உடைக்கிறவர்களுக்கு அது தெரியும். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரங்கள் கையில் பணமும் பையில் நகையுமாக மக்கள் திரும்பி வரும் காலம். இந்த நாட்களுக்கென்று தனிக் கோரிக்கை வையுங்கள். பெருநாள் காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போகும்படி போலீஸே அறிவுறுத்துகிறது. அந்த ஏற்பாட்டைத் தைப்பூசத்துக்கும் நம் மக்கள் பயன்படுத்த வேண்டும்.

நிரந்தர இருப்பு வேண்டும் என்றால் சாவடியை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை பேர், எத்தனை ஷிப்ட், மின்கட்டணம் யார் பொறுப்பு, ஆள் மாறினால் பதில் ஆள் எத்தனை நாளில் வருவார் என்று கட்டடத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். 24 மணி நேரமும் ஒரு சாவடி திறந்திருக்க ஷிப்டு மாற்றம், விடுப்பு, பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் எத்தனை பேர் தேவை என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், நமக்கு வேண்டியது சாவடியா, அல்லது வாரத்தில் குறித்த நாட்களில் வந்து நிற்கும் நடமாடும் போலீஸ் நிலையமா என்பது எங்களுக்கு விளங்கியது. இரண்டாவதைக் கேட்டோம். அது கிடைத்தது.

மூன்றாம் படி: புகார் எழுதாத குற்றம் நடக்காத குற்றம்

கேட்கக் கசக்கும், ஆனால் உண்மை இதுதான். ஆட்களை எங்கே அனுப்புவது என்று போலீஸ் முடிவெடுப்பது பதிவான புகார்களை வைத்து. அந்த அக்காவின் தாலிக்கொடி எந்தக் கணக்கிலும் இல்லை. எங்கள் குடியிருப்பு தாளில் அமைதியான குடியிருப்பாக இருந்ததற்கு அவர் போன்ற பலரின் மௌனம்தான் காரணம்.

மௌனத்துக்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. அரைநாள் சம்பளம் போகும். மலாயில் சரளமாகச் சொல்ல வராது. நிலையத்துக்குள் போகவே பயம். இவற்றை அறிவுரையால் தீர்க்க முடியாது, கூடப் போய்த்தான் தீர்க்க வேண்டும். எங்களில் மலாய் நன்றாகத் தெரிந்த ஆறேழு பேரின் பெயர்களை வரிசைப்படுத்தினோம். யாருக்கு எது நடந்தாலும் ஒருவர் கூடப் போவார். பெண் என்றால் பெண்ணே கூடப் போவார். போகிறவர் செய்ய வேண்டியவை அதிகமில்லை. புகாரில் இடம், நேரம், ஓடிய திசை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துக் காட்ட வேண்டும், பிரதியை வாங்க வேண்டும், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒருவர் பக்கத்தில் நிற்பதே பாதித் துணிச்சலைக் கொடுத்துவிடுகிறது.

"இது எங்கள் எல்லை இல்லை, அந்த நிலையத்துக்குப் போங்கள்" என்று யாராவது சொன்னால் பணிவாக மறுத்துச் சொல்லலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, மலேசியாவில் எங்கே நடந்த குற்றத்தைப் பற்றியும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. அதே சட்டத்தின் 107ஏ பிரிவைப் பலர் அறிந்திருக்கவில்லை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய வகைக் குற்றங்களில், புகார் கொடுத்து நான்கு வாரங்கள் கடந்த பிறகு விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவர் எழுத்தில் கேட்கலாம். விசாரணையைக் கெடுக்கும் விவரங்கள் நீங்கலாக, இரண்டு வாரங்களுக்குள் நிலையத் தலைவர் பதில் கொடுக்க வேண்டும். எங்கள் குடியிருப்பிலிருந்து இப்படிக் கடிதங்கள் போகத் தொடங்கிய பிறகு நிலையத்தில் எங்களைப் பேர் சொல்லி அழைக்க ஆரம்பித்தார்கள்.

பதிவேடு

ஒரு சாதாரண நீளநோட்டு போதும். நடந்த நாள், நேரம், இடம், என்ன நடந்தது, புகார் எண், 999க்கு அழைத்தார்களா, ரோந்துக் கார் வர எவ்வளவு நேரமானது. இவ்வளவே. பாதிக்கப்பட்டவரின் பெயர் வேண்டாம், வீட்டு எண் வேண்டாம். சந்தேகப்படும் பையன்களின் பெயர் நிச்சயமாக வேண்டாம். "அந்தப் புளோக் பசங்கள்தான்" என்று எழுதிய நோட்டு ஒரு நாள் யாருடைய கையிலாவது அகப்பட்டால் ஒரு குடும்பம் நாசமாகிவிடும். நாங்கள் மூன்று மாதம் எழுதினோம். பிறகு குடியிருப்பின் வரைபடத்தை ஒரு மணிலா அட்டையில் வரைந்து சம்பவம் நடந்த இடங்களில் சிவப்புப் பொட்டு ஒட்டினோம். மூன்றே இடங்களில் பொட்டுகள் குவிந்தன. மொத்தக் குடியிருப்பும் ஆபத்தானது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அட்டை வேறு கதை சொன்னது. அந்த மூன்று இடங்களில் ஒன்றில் தெருவிளக்கு எரியவில்லை. அது டிபிகேஎல் வேலை, தனி மனு. இன்னொன்றில் வேலிக்கதவு உடைந்திருந்தது. அது கட்டட நிர்வாகத்தின் வேலை. இவற்றைப் போலீஸிடம் கொண்டுபோனால் நம் கோரிக்கையின் எடை குறையும்.

அரசாங்கக் கணக்கும் பக்கத்தில் இருக்கட்டும். மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஓபன் டோசம் தளத்தில் போலீஸ் மாவட்ட வாரியாகக் குற்ற எண்ணிக்கைகள் கிடைக்கின்றன, யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது மாவட்ட அளவில் நின்றுவிடும். உங்கள் பஸ் நிறுத்தம் அதில் தெரியாது. அதற்குத்தான் உங்கள் நோட்டு.

மேடைகளில் ஓர் எண்ணை அடிக்கடி கேட்பீர்கள்: 250 பேருக்கு ஒரு போலீஸ்காரர் இருக்க வேண்டும் என்று இன்டர்போல் சொல்வதாக. மனுவை அதன்மேல் கட்டாதீர்கள். விகிதத்தைப் பற்றி அதிகாரி ஒரு மணி நேரம் வாதாடலாம். மூன்று மாதத்தில் ஒரே நடைபாலத்தில் நடந்த வழிப்பறிகளைத் தேதியோடு காட்டினால் வாதாட எதுவும் இருக்காது.

ஆள் சேர்ப்பது

தனி ஆளாகப் போனால் முறைப்பாடு, அமைப்பாகப் போனால் கோரிக்கை. ருக்குன் தெத்தாங்கா 1975இல் தொடங்கிய ஏற்பாடு. இப்போது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ஒருமைப்பாட்டுத் துறையின் பொறுப்பில் இயங்குகிறது. உங்கள் இடத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பெயரளவில் தூங்கிக்கொண்டிருந்தால் அதை எழுப்புவது புதிதாகத் தொடங்குவதைவிடச் சுலபம். குடியிருப்பாளர் சங்கமும் இதற்குப் போதும், சங்கப் பதிவு ஒழுங்காக இருந்தால்.

இதை இந்தியர் பிரச்சினையாக்காதீர்கள். இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். எங்கள் முதல் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது, வந்தவர்கள் எல்லோரும் நம்மவர்கள். இரண்டாவது கூட்டத்தைக் கீழ்த்தளத்துச் சமூகக் கூடத்தில் வைத்து, முஸ்லிம்களின் தொழுகைக்கூடமான சூராவின் குழுவையும் காலைச் சந்தையில் காய்கறி விற்கும் சீன அம்மாவையும் நேரில் போய் அழைத்தோம். அந்த அம்மாவின் கடையிலும் இரண்டு முறை கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இத்தனை ஆண்டு அவரிடம் முருங்கைக்காய் வாங்கியிருக்கிறோம். மனுவில் மூன்று இனத்தாரின் கையெழுத்தும் இருந்தால், எந்தக் கட்சிக்காரரும் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொள்ள முடியாது.

பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி வேன் ஓட்டுபவர்கள், இரவு ஷிப்ட் பாதுகாவலர்கள், நாசி லெமாக் விற்பவர்கள் ஆகியோர் தெருவை மற்றவர்களுக்கு முன்பே பார்ப்பவர்கள். கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும்.

கையெழுத்துத் தாளில் பெயர், புளோக், கையெழுத்து போதும். அடையாளக் கார்டு எண்ணைக் கேட்டால் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். பின்வாங்குவது நியாயமும்கூட, ஏனெனில் அந்தத் தாள் எத்தனை கைகள் மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு பக்க மனு

மலாயில் எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நாங்கள் அனுப்பியதன் சாரம் தமிழில் இது:

"துவான் (ஐயா), எங்கள் குடியிருப்பில் கடந்த மூன்று மாதங்களில் நடந்த சம்பவங்களின் பட்டியலையும் புகார் எண்களையும் இணைத்திருக்கிறோம். அவற்றில் பெரும்பகுதி காலை 5 மணிக்கும் 6.30க்கும் இடையில், வரைபடத்தில் குறித்துள்ள மூன்று இடங்களில் நடந்திருக்கின்றன. அந்த நேரத்தில் அந்த இடங்களில் ரோந்து வேண்டுகிறோம். வாரத்தில் இரு இரவுகள் நடமாடும் போலீஸ் நிலையம் சமூகக் கூடத்துக்கு எதிரில் நிற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். இடமும் மின்சார இணைப்பும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். இரண்டு மாதம் கழித்துத் துவானைச் சந்தித்து நிலைமையை ஒன்றாகப் பார்க்க விரும்புகிறோம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தேதி இல்லாத கோரிக்கை கோப்பில் தூங்கும். மனுவை மாவட்டப் போலீஸ் தலைவரின் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பிரதிகள் நிலையத் தலைவருக்கும், கோலாலம்பூர் போலீஸ் தலைவருக்கும், நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் போகட்டும்.

மாவட்டப் போலீஸ் தலைவரைச் சந்திக்கும் நாள்

ஐந்து பேருக்கு மேல் போக வேண்டாம். பாதிக்கப்பட்டவர் ஒருவர், பெண்கள் இருவராவது, மலாய்ப் பேச்சில் தெளிவானவர் ஒருவர். எங்கள் குழுவில் அந்த அக்கா வந்தார். வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்தார். அந்த அரைநாள் சம்பளத்தைக் குழு கொடுத்தது. அவர் ஐந்து நிமிடம் பேசினார், உடைந்த மலாயில். நான் தயாரித்து வைத்திருந்த அரைமணி நேர விளக்கத்தைவிட அது அதிகம் செய்தது.

கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லமாட்டேன், நியாயமான கோபம் அது. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவரும் ஆள் பற்றாக்குறையோடு மல்லுக்கட்டுகிறவர். நீதிமன்றத்துக்கு, போக்குவரத்துக்கு, பேரணிகளுக்கு, பிரமுகர் பாதுகாப்புக்கு என்று தன் ஆட்களைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பவர். "துவானுக்கு எத்தனை பேர் குறைவாக இருக்கிறார்கள்?" என்று நாங்கள் கேட்டபோது அவர் முகம் மாறியது. எண்ணைச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டுப் பேசத் தொடங்கினார்.

கேட்க வேண்டியவை: எந்த நாளிலிருந்து, யார் பொறுப்பு, எந்த எண்ணில் அழைப்பது, ரோந்து வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது. சில நகைக்கடைகளில் ரோந்துக்கு வரும் போலீஸ்காரர் கையெழுத்திட்டுவிட்டுப் போகும் நோட்டைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்றை உங்கள் சமூகக் கூடத்தில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டுக்குத் திரும்பிய அன்றே, பேசியதை வரிவரியாக எழுதி நன்றிக் கடிதமாக அனுப்புங்கள். நன்றியும் சேரும், பதிவும் நிற்கும்.

நாடாளுமன்றம் வழியாக

புதிய பதவிகள், காலியிடங்கள் ஆகிய இரண்டும் இங்கே வருகின்றன. நாடாளுமன்ற உறுப்பினர் மக்களவையில் உள்துறை அமைச்சரிடம் வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ கேள்வி எழுப்பலாம். அவரிடம் போகும்போது கேள்வியை எழுதியே கொண்டுபோங்கள்: "இந்த மாவட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட பதவிகள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, எஞ்சியவை எப்போது நிரப்பப்படும்?" பதில் அவைக் குறிப்பில் அச்சாகிவிடும். பிறகு எந்த அதிகாரியிடமும் அதைக் காட்டிப் பேசலாம். வரவுசெலவுத் திட்டம் பெரும்பாலும் அக்டோபரில் தாக்கலாகிறது. அக்டோபரில் போய்க் கேட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ஆண்டின் முதல் பாதியிலேயே உள்துறை அமைச்சுக்கு எழுதுங்கள்.

பத்திரிகைக்கு எப்போது போவது? இரண்டு மாதக் கெடு முடிந்தும் அசைவில்லை என்றால் போகலாம். அதற்கு முன் போனால் அதிகாரிக்கு நம்மேல் வருத்தம்தான் மிஞ்சும். தமிழ் நாளிதழ்களோடு மலாய், சீனப் பத்திரிகைகளையும் அழையுங்கள். அமைச்சின் மேசையில் எது படிக்கப்படும் என்று நமக்குத் தெரியாது. கூட்டமாக நின்று பதாகை பிடிப்பதாக இருந்தால் 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டத்தைப் படித்து, அது கேட்கும்படி மாவட்டப் போலீஸ் தலைவருக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுங்கள். போலீஸ் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தச் சட்டத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது.

காத்திருக்கும் மாதங்களில்

ருக்குன் தெத்தாங்காவின் கீழ் சுயவிருப்பு ரோந்துத் திட்டம் இருக்கிறது, எஸ்ஆர்எஸ் என்பார்கள். இரவு ரோந்து போகும்போது இருவராக, விளக்கோடு, மேல்சட்டையோடு போங்கள். பார்ப்பதும் அழைப்பதும்தான் வேலை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கண்ணெதிரே கடுங்குற்றம் செய்பவரைப் பொதுமக்கள் பிடிக்க அனுமதிக்கிறது. பிடித்தவரைத் தாமதமின்றிப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டிவைத்து அடிக்க எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை. ஒரு இரவு எங்கள் ஆட்கள் ஒரு பையனைப் பிடித்துவிட்டார்கள். கை ஓங்கியவர்களைத் தடுத்து நிறுத்தியவர் அதே தாலிக்கொடி அக்காதான். அந்தப் பையன் பசியோடு இருந்தான், பதினாறு வயது.

போலீஸ் வந்த பிறகு

எங்கள் கூட்டங்களில் ஒரு தாய் எழுந்து கேட்டார்: "போலீஸ் அதிகமானால் முதலில் நிறுத்திச் சோதிக்கப்படுவது என் மகன்தானே?" அந்தக் கேள்வியை யாரும் தள்ளிவிட முடியவில்லை. போலீஸ் காவலில் நம் இளைஞர்கள் இறந்த செய்திகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். பாதுகாப்பைக் கேட்கிற அதே வாயால் கண்ணியத்தையும் கேட்க வேண்டும். மனுவின் இரண்டாம் பதிப்பில் அதைச் சேர்த்தோம்: ரோந்துக்கு வருகிறவர்கள் மாதம் ஒருமுறை குடியிருப்பு இளைஞர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், சோதனையின்போது சீருடையில் பெயர் தெரிய வேண்டும்.

போலீஸ் படையைச் சீர்ப்படுத்துவது பற்றி ஆராய 2004இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது சைடின் தலைமையில், 2005இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. போலீஸார் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் அவற்றில் ஒன்று. சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது; தண்டிக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை, ஆனால் புகாரைப் பெற்று விசாரிக்கும். போலீஸ் படைக்குள்ளேயே நேர்மைப் பிரிவும் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களின் முகவரிகளையும் சமூகக் கூடத்துப் பலகையில், நிலையத்தின் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறோம். மாவட்டப் போலீஸ் தலைவர் வந்தபோது அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது எங்களுக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது.

இன்னொரு வேலையும் இருக்கிறது, மெதுவாகப் பலன் தருவது. ஆள் வேண்டும் என்று கேட்கும் நாம் ஆள் அனுப்புகிறோமா? போலீஸ் படையில் இந்தியர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளுக்குக் கான்ஸ்டபிள் விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்றுகூடத் தெரிவதில்லை. விண்ணப்பம் இணையத்தில் வருகிறது. அது திறக்கும் வாரத்தில் சமூகக் கூடத்தில் ஒரு கணினியை வைத்து நான்கைந்து பிள்ளைகளுக்கு நிரப்பிக் கொடுக்கிறோம். மாலையில் ஓட்டப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறோம். தமிழ் தெரிந்த ஒருவர் முகப்பில் உட்கார்ந்திருந்தால் அந்த அக்கா முதல் நாளே புகார் எழுதியிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசியாக, கோப்பைப் பற்றி. மாவட்டப் போலீஸ் தலைவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதியவர் வந்ததும் பழைய வாக்குறுதிகள் அவரோடு வருவதில்லை. அதனால் முத்திரை வாங்கிய மனு, கூட்டக் குறிப்புகள், வரைபடம், ரோந்து நோட்டின் பிரதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். புதியவர் பதவியேற்ற முதல் மாதத்திலேயே அதை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். நாங்கள் மூன்றாவது தலைவரைச் சந்திக்கப் போனபோது கோப்பை அக்காதான் கையில் வைத்திருந்தார். இப்போது செயலாளர் அவர்.